கண்ணாடியில் பூசிய சந்தனம்

பாய்லர் வேலைக்குப் புதிதாகச் சான்றிதழ் வாங்கி வருகிற உங்களைப் பார்க்கும்போது எனக்குச் சந்தோஷமும் வரும், கூடவே கொஞ்சம் எரிச்சலும் வரும். சந்தோஷத்துக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. எரிச்சல் எதற்கென்றால், வெப்பம் என்பது மீட்டரில் தெரிகிற எண் என்று உங்களில் முக்கால்வாசிப் பேர் நம்பிக்கொண்டிருக்கிறீர்கள். எண் பச்சைக் கோட்டுக்குள் இருந்தால் செல்போனை எடுத்துவிடுகிறீர்கள். நீடாமங்கலம் பக்கத்து அரிசி ஆலைகளில் நெல் அவிக்கிற பாய்லருக்கு முன்னால்தான் என் வயது முழுக்கப் போனது. அந்த உரிமையில் திட்டுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தீபாவளிக்கு மத்தாப்பு கொளுத்தும்போது பொறி கையில் விழுந்திருக்கும். இரும்பே சிவக்கிற சூடு அந்தப் பொறிக்கு. ஆனாலும் சுருக்கென்று ஒரு குத்து, அவ்வளவுதான், உதறிவிட்டு அடுத்த மத்தாப்பை எடுப்போம். குளிப்பதற்காகக் காய்ந்த அண்டாத் தண்ணீருக்கு அதில் பத்தில் ஒரு பங்கு சூடுகூட இருக்காது. அது காலில் கவிழ்ந்தால் ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். எவ்வளவு சூடு என்பது ஒரு கேள்வி. எவ்வளவு வெப்பம் சேர்ந்து கிடக்கிறது என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்கு மீட்டர் பதில் சொல்லும். இரண்டாவதற்கு நீங்கள்தான் யோசிக்க வேண்டும்.

ஆவியும் அப்படித்தான். இட்லிப் பானையை அவசரத்தில் திறந்து மணிக்கட்டில் ஆவி வாங்கியவர்களைக் கேட்டுப் பாருங்கள். கொதிக்கிற தண்ணீர் தெறித்ததைவிட அது மோசம் என்பார்கள். தண்ணீர் ஆவியாவதற்கு அடுப்பிலிருந்து எவ்வளவு வெப்பத்தை வாங்கியதோ, அத்தனையையும் உங்கள் தோலில் பட்டுத் திரும்பத் தண்ணீராகும்போது அங்கேயே இறக்கிவைத்துவிடும். கடன் வைக்காத சாதி அது. இதைப் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். படித்தது கைக்கு வந்து சேர ரொம்ப நாள் ஆகும்.

எனக்கும் அப்படித்தான் ஆனது. ஐ.டி.ஐ. முடித்து, பாய்லர் பரீட்சையின் வாய்மொழித் தேர்வுக்குப் போய் நின்றேன். எங்கள் தெருவில் வயல் வேலைக்குப் போகாமல் சான்றிதழ் வேலைக்குப் போகப் போகிற முதல் ஆள் நான். கஞ்சி போட்ட சட்டையெல்லாம் போட்டுக்கொண்டு போயிருந்தேன். மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி தலையைத் தூக்காமலேயே கேட்டார்:

"பாய்லர் ஓடிக்கிட்டிருக்கு. கண்ணாடியில தண்ணி தெரியல. என்ன செய்வே?"

இதென்ன கேள்வி என்று நினைத்து, "உடனே பம்பைப் போட்டுத் தண்ணி விடுவேன் சார்" என்றேன்.

"நீ செத்துட்டே. வெளியே போய் அடுத்த ஆளை வரச் சொல்லு."

அவ்வளவுதான். அன்றைக்கு அழுகை வந்துவிட்டது எனக்கு. திரும்பி வரும்போது பஸ்ஸில் அந்த மனிதரை மனதுக்குள் ஆசை தீரத் திட்டினேன். அடுத்த முறை எழுதித் தேறினேன். அவர் பெயரைக்கூட நான் தெரிந்துகொள்ளவில்லை. ஆனால் அவர் என்னைக் கொன்ற அந்த நிமிஷம்தான் பிற்பாடு ஒரு விஜயதசமி அன்று எங்கள் எல்லோரையும் காப்பாற்றியது. அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

அப்போது நான் இருந்த ஆலையின் முதலாளி ஒரு பாய். நெல் வியாபாரம் மூன்று தலைமுறையாகச் செய்கிற குடும்பம். எங்கள் ஆலையில் ஆயுத பூஜை என்றால் ஊரே பேசும். பொரி, கடலை, அவல், வாழைக்கன்று எல்லாம் பாய் காசில்தான் வரும். "உங்க மிஷினுக்கு நீங்க செய்யிற மரியாதை, அதுல கஞ்சத்தனம் கூடாது" என்பார். பூஜை நடக்கும்போது கொஞ்சம் தள்ளி நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, கடைசியில் எல்லோருக்கும் பொட்டலம் அவர் கையால் கொடுப்பார்.

நம் ஊர்க்காரர்களுக்குப் பூஜை என்றால் ஒரு வெறி உண்டு, தெரியும்தானே. சைக்கிள் பம்பு வரைக்கும் பொட்டு வைத்துவிடுவார்கள். பாய்லர்தான் ஆலையில் பெரிய சாமி. அதற்குக் கதவு, கைப்பிடி, வால்வு, மீட்டர் என்று ஒன்றையும் விடாமல் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்கள். கண்ணாடிக்கும்தான். புதியவர்களுக்காகச் சொல்கிறேன்: பாய்லருக்குள் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று காட்டுகிற கண்ணாடிக் குழாய் அது. இரண்டு இருக்கும். ஒன்றில் கசிவு இருந்ததால் உதிரிப்பாகம் வரும் வரை அடைத்து வைத்திருந்தோம். ஓடிக்கொண்டிருந்த இன்னொன்றின் மேல் பட்டையாகச் சந்தனம் பூசி, அடியில், தண்ணீர் வருகிறதா என்று திறந்து பார்க்கிற சோதனைக் குழாய் மறைகிற மாதிரி சாமந்தி மாலை போட்டுவிட்டார்கள். அது போதாது என்று, தண்ணீர் குறைந்தால் கத்துகிற அலாரத்தின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் சீரியல் பல்பைச் செருகியிருந்தார்கள். பாய்லர் ஷெட் முழுக்க விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்திருக்கும்.

மறுநாள் விஜயதசமி. நல்ல நாள், அன்றைக்கே அடுப்பைப் பற்றவைக்க வேண்டும் என்பது வழக்கம். குறுவை அறுவடை முடிந்த நேரம். சுற்று வட்டாரத்துக் குடும்பங்கள் வருஷத்துச் சாப்பாட்டுக்கான நெல்லை எங்களிடம் அவிக்கக் கொடுத்திருந்தன. அது தொட்டிகளில் ஊறிக்கொண்டிருந்தது. ஊறிய நெல்லுக்கு நேரத்தில் ஆவி காட்டாவிட்டால் புளித்து நாற்றமெடுத்துவிடும். அப்புறம் அந்த அரிசியைச் சோறாக்கினால் மாட்டுத் தொழுவத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிற மாதிரி இருக்கும்.

அன்று எனக்கு விடுமுறை. பூஜைக்கு ஊரில் இல்லாததால் என் பொரிப் பொட்டலம் முதலாளியிடம் இருந்தது. அதை வாங்குவதற்காக வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு காலையில் ஆலைக்குப் போனேன். பாய்லரில் இருந்தது செல்வம். வேலையில் சுத்தமான பையன், கல்யாணமாகி ஒரு குழந்தை இருந்தது. என்னைப் பார்த்ததும் சிரித்தான்.

"என்னண்ணே, மாப்பிள்ளை மாதிரி வந்திருக்கீங்க?"

"பொரி வாங்க வந்தேன்டா. எல்லாம் சரியா ஓடுதா?"

"ஜம்முனு ஓடுது. பாருங்க, தண்ணி அரைக் கண்ணாடி நிக்குது."

பார்த்தேன். மாலைக்கு மேலே, அவன் சொன்ன மாதிரி அரைக் கண்ணாடியில் ஒரு கோடு தெரிந்தது. திரும்பி நடக்கப் போனவன் நின்றுவிட்டேன். ஏன் நின்றேன் என்று அந்த நொடியில் எனக்குத் தெரியாது. ஏதோ ஒன்று உறுத்தியது. மறுபடி பார்த்தபோதுதான் புரிந்தது. கோடு அசையவில்லை.

கொதிக்கிற பாய்லரில் தண்ணீர் மட்டம் ஒரு நிமிஷம்கூடச் சும்மா நிற்காது. தூங்குகிற குழந்தையின் வயிறு போல மெல்ல ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். இது சுவரில் போட்ட கோடு மாதிரி நின்றது. மாலையை விலக்கினேன். காலையில் செல்வம் ஈரத்துணியால் கண்ணாடியைத் துடைத்திருக்கிறான். அப்போது கரைந்த சந்தனம் குழாயின் பின்பக்கம் இறங்கி, சூட்டில் காய்ந்து, பாதியில் ஒரு மட்டமாகப் படிந்திருந்தது. அவன் காலையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தது தண்ணீரை இல்லை.

அடியில் இருந்த சோதனைக் குழாயைத் திறந்தேன். தண்ணீர் வர வேண்டிய இடத்தில் 'உஸ்' என்று வெறும் ஆவி வந்தது.

பூஜைக்கு நிறுத்தியிருந்த நேரத்தில் கசடு வெளியேற்றுகிற அடிவால்வில் உப்புப் படிவு சிக்கித் தண்ணீர் கசிந்து போயிருக்கிறது. காலையில் அடுப்பு மூட்டி ஊறல் தொட்டிகளுக்கு ஆவி விட்டதில் இன்னும் குறைந்திருக்கிறது. இதெல்லாம் அப்புறம் தெரிந்துகொண்டது. தினமும் அடுப்பு மூட்டுமுன் சோதனைக் குழாயைத் திறந்து பார்ப்பது செல்வத்துக்கும் பழக்கம்தான். அன்றைக்கு மாலை போட்டிருந்ததால், சாமிக்குப் போட்ட மாலையை உடனே கலைக்க மனசு வராமல் விட்டிருக்கிறான். அவனைக் குறை சொல்ல எனக்கு இன்றைக்கும் வாய் வரவில்லை.

ஆவி மட்டும் வருவதைப் பார்த்ததும் அவன் முகம் வெளுத்துவிட்டது. ஒரே தாவலில் பம்பு சுவிட்சுக்குப் போனான். நான் அவன் கையைப் பிடித்து முறுக்கிப் பின்னுக்கு இழுத்தேன்.

"விடுங்கண்ணே! தண்ணி இல்லண்ணே!"

"தெரியுதுடா! அதனாலதான் விடாதேங்கிறேன்!"

காய்ந்த தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்துப் பார்க்காதவர்கள் நம் வீடுகளில் கிடையாது. சுர் என்று சீறி, கண் மூடித் திறப்பதற்குள் ஆவியாகிக் காணாமல் போகும். கல் திறந்திருக்கிறது, ஆவி சமையலறையில் பரவிவிடுகிறது, யாருக்கும் ஒன்றும் இல்லை. அதையே நாலு பக்கமும் மூடிய இரும்புக்குள் நினைத்துப் பாருங்கள். அடுப்புக்கு மேலே இருக்கிற கூரைத் தகடு தண்ணீர் இல்லாமல் காய்ந்து சிவந்து நிற்கிறது. இரும்பு சிவந்தால் பலம் போய்விடும். அதன் மேல் ஒரு குடம் தண்ணீர் விழுந்தால், அது ஆவியாகி ஒரு அறையையே அடைக்கிற அளவுக்கு விரியும். விரிய அங்கே இடம் ஏது? தகடு கிழியும். உள்ளே மிச்சமிருக்கிற கொதிநீர் முழுக்க ஒரே நேரத்தில் ஆவியாகப் பாயும். செங்கல் சுவர் காகிதம் மாதிரி பறக்கும். தகடு காய்ந்தால் உருகி, ஆவியை அடுப்புக்குள் விட்டுத் தீயை அணைக்கிற ஈயத் திருகு ஒன்று இருக்கத்தான் இருக்கிறது. நம் பக்கத்து உப்புத் தண்ணீரில் அதன் மேல் எவ்வளவு படிந்திருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? அதை நம்பி நிற்க எனக்குத் தைரியம் இல்லை.

அடுப்புக்கு உமி போவதை நிறுத்தினேன். காற்று ஊதுகிற புளோயரை நிறுத்தினேன். புகைவழி டேம்பரை மூடினேன். நெருப்பை வாரி வெளியே இழுக்கலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். கிளறினால் உமித் தீ இன்னும் எழும்பும். அதனால் கிடந்த சாம்பலை நாலு தட்டு அள்ளிப் போட்டு அமுக்கினேன். ஆவி வால்வையோ சேஃப்டி வால்வையோ தொடவில்லை. அழுத்தத்தைச் சட்டென்று இறக்கினால் உள்ளே இருக்கிற தண்ணீர் பொங்கி எழுந்து அந்தத் தகட்டில் அடிக்கும். கடைசியாகப் பம்பின் ஃபியூஸைப் பிடுங்கி வேட்டி மடிப்பில் சொருகிக்கொண்டேன். செல்வத்தை நம்பாமல் இல்லை. பதற்றத்தில் இருக்கிற எவன் கையையும் நான் நம்பமாட்டேன், என் கையையும் சேர்த்துத்தான்.

இனி ஆட்களை அப்புறப்படுத்த வேண்டும். ஷெட்டின் மேற்குச் சுவரை ஒட்டித்தான் நெல் காயப்போடும் களம். காலை வெயிலுக்கு அந்தச் சுவர் நல்ல நிழல் தரும். முதல் கொப்பரை நெல் வருகிற வரைக்கும் வேலை இல்லை என்று களத்துப் பெண்கள் மொத்தமும் அங்கே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு மேஸ்திரி சரோஜா அக்கா. களத்தில் அவர் குரல் கேட்டால் காக்காய்கூட உட்காராது.

"எல்லாரும் எந்திரிங்க! கேட்டுக்கு வெளிய போங்க, சீக்கிரம்!"

"ஏன் தம்பி, உன் கல்யாண ஊர்வலமா? வேட்டி சட்டையெல்லாம் பலமா இருக்கு" என்றார் சரோஜா அக்கா. எல்லோரும் சிரித்தார்கள். ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை.

"அக்கா, வெளையாடல. எந்திரிங்க."

"சோத்துல கை வச்சாச்சு. தின்னுட்டு வர்றோம், போ."

அந்த நேரத்தில் எனக்குச் சொல்லிப் புரியவைக்க நேரமில்லை. பாய்லர் வெடிக்கும் என்று கத்தினால் எழுந்து எந்தப் பக்கம் ஓடுவார்களோ என்ற பயம் வேறு. காலால் அவருடைய தூக்குவாளியை எட்டி உதைத்தேன். சாம்பார் சாதம் களத்தில் சிதறியது. சாப்பாட்டைக் காலால் உதைப்பதை நம் ஊரில் யாரும் செய்யமாட்டார்கள். அதைப் பார்த்ததும்தான் அத்தனை பேரும் வாயடைத்து எழுந்தார்கள். செல்வம் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாக அவர்களை ஓட்டிக்கொண்டு ரோட்டைத் தாண்டி டீக்கடை வரை கொண்டுபோய் நிறுத்தினோம்.

முதலாளி அங்கே வந்து சேர்ந்தார். நடந்ததைச் சொன்னேன். அவர் கேட்ட கேள்வி நான் பரீட்சையில் சொன்ன பதில்தான்.

"தண்ணி கொறைஞ்சா தண்ணி விடுறதுதானேப்பா?"

"இப்ப விடக்கூடாது பாய். தானா ஆறணும்."

"ஆற எவ்வளவு நேரமாகும்?"

"சாயங்காலம் ஆயிடும். ராத்திரிகூட ஆகலாம்."

"அப்ப தொட்டியில இருக்கிற நெல்லு?"

"நெல்லு போயிடும் பாய்."

அவர் போனை எடுத்தார். பாபநாசம் பக்கத்தில் ஆலை வைத்திருக்கிற அவருடைய மச்சானைக் கூப்பிட்டு, எனக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார்.

"இதுக்குப் போயி பயப்படுவாங்களா மச்சான்? கொஞ்சம் கொஞ்சமா விடச் சொல்லுங்க. எங்க மில்லுல ரெண்டு தடவ இப்படி ஆயிருக்கு. விட்டோம். ஒண்ணும் ஆகல."

இந்த இடத்தைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். நாளைக்கு உங்களுக்கும் இப்படி ஒரு போன் வரும். அனுபவசாலி, நல்லவர், பொய் சொல்லவில்லை. அவர் விட்டார், ஒன்றும் ஆகவில்லை, அதனால்தான் போனில் பேசுகிறார். விட்டு ஏதாவது ஆனவர் போனில் வந்து நம்மிடம் சொல்லப் போவதில்லை. ஆக நம் காதுக்கு வருகிற சாட்சி எல்லாம் ஒரே கட்சிச் சாட்சிதான்.

முதலாளி என்னைப் பார்த்தார். "ரவி, ஒண்ணு கேக்குறேன், மறைக்காம சொல்லு. தகடு காஞ்சுதான் போச்சுன்னு உனக்கு நிச்சயமாத் தெரியுமா?"

எனக்கு நிச்சயமாகத் தெரியாது. தண்ணீர் கண்ணாடிக்குக் கீழே ஒரு விரல் இறங்கி நிற்கலாம். தகடு நன்றாக நனைந்தே இருக்கலாம். அப்படியானால் அத்தனை குடும்பத்து நெல்லையும் நான் வீணாக நாறவிடுகிறேன் என்றுதான் அர்த்தம். ஆமாம், நிச்சயமாகத் தெரியும் என்று ஒரு பொய் சொல்லிவிட நாக்கு துடித்தது. சொல்லவில்லை.

"தெரியாது பாய். உள்ள எட்டிப் பாக்க வழியில்ல. நான் தப்பா இருந்தா நெல்லு நாறும். உங்க மச்சான் தப்பா இருந்தா என்ன ஆகும்னு நீங்களே இங்க சுத்திப் பாருங்க."

அவர் சுற்றிப் பார்த்தார். டீக்கடை வாசலில் களத்துப் பெண்கள் சரோஜா அக்கா தலைமையில் என் பரம்பரையையே திட்டிக்கொண்டிருந்தார்கள். கோபம் தணியாமல் முதலாளி என் பக்கம் திரும்பினார்.

"மில்லு என்னுதா, உன்னுதா?"

"உங்களுதுதான் பாய். ஃபியூஸ் மட்டும் எங்கிட்ட இருக்கு. ஆறினதும் தர்றேன்."

அடிப்பார் என்றுதான் நினைத்தேன். அவர் பெஞ்சில் உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். போனில் மச்சான் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். "அப்புறம் பேசுறேன்" என்று முதலாளி வைத்துவிட்டார்.

ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்கவில்லை என்று சும்மாவா சொன்னார்கள். தீயை நிறுத்தினால் வெப்பம் நின்றுவிடும் என்று நினைக்காதீர்கள். அடுப்பைச் சுற்றிய செங்கல் காலையிலிருந்து குடித்த வெப்பத்தை நிதானமாகத் திருப்பிக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கும். அதை யாரும் அவசரப்படுத்த முடியாது. வெப்பம் சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்குத் தானாகப் போகும், போகத்தான் போகும், ஆனால் அது போகிற வேகத்தில்தான் போகும். அந்த வேகத்துக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதுதான் நம் தொழிலிலேயே கஷ்டமான வேலை. ஓடி ஆடிச் செய்கிற எதுவும் இதற்கு உறை போடக் காணாது.

கொஞ்ச நேரத்தில், தீ அணைந்த பிறகும் அழுத்தம் ஏறி, சேஃப்டி வால்வு தானாகத் திறந்து அலறியது. ரோடே திரும்பிப் பார்த்தது. பெண்கள் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். செல்வம் என் தோளைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். நான் கண்ணை மூடிக்கொண்டேன், வேறு என்ன செய்ய? வால்வு கத்தி முடித்து அடைத்துக்கொண்டது. அப்புறம் சத்தமே இல்லை. டீக்கடைக்காரர் பாட்டைக்கூட நிறுத்திவிட்டிருந்தார்.

பொழுது சாய்கிற வரைக்கும் அங்கேயே இருந்தோம். ஒன்றும் ஆகவில்லை. அதுதான் சிக்கல். ஒன்றும் ஆகவில்லை என்றால், எதற்காக இத்தனை ஆர்ப்பாட்டம் என்று எல்லோரும் கேட்பார்கள். போகும்போது பெண்கள் முணுமுணுத்துக்கொண்டே போனார்கள். முதலாளியும் போய்விட்டார். நெல் தொட்டிகளிலிருந்து புளித்த வாடை ரோடு வரைக்கும் வர ஆரம்பித்திருந்தது. வீட்டுக்கு வந்து நான் சாப்பிடவில்லை. தகடு காயாமலேயே இருந்துவிட்டால் நாளைக்கு எந்த முகத்தோடு போவது என்பதுதான் எனக்குக் கவலை. உயிர் தப்பிய நிம்மதியைவிட அந்தக் கவலை பெரிதாக இருந்தது. மனுஷ புத்தியைப் பாருங்கள்.

மறுநாள் எல்லாம் ஆறிக் குளிர்ந்த பிறகு, தகவல் சொல்லி வரவழைத்த பாய்லர் பரிசோதகர் வந்தார். அடுப்பைச் சுத்தம் செய்து, டார்ச்சோடு அவரும் செல்வமும் உள்ளே தலையை நுழைத்துப் பார்த்தார்கள். நானும் முதலாளியும் வெளியே நின்றோம். பிறகு பரிசோதகர் முதலாளியை உள்ளே பார்க்கச் சொன்னார்.

கூரைத் தகடு நடுவில் தொட்டில் துணி மாதிரி கீழே தொய்ந்திருந்தது. தொய்ந்த இடம் முழுக்கச் சூடேறிய இரும்பின் கருநீலம்.

"தண்ணி விட்டீங்களா?" என்று கேட்டார் பரிசோதகர்.

"இல்ல" என்றார் முதலாளி.

"விட்டிருந்தா நீங்க இன்னைக்கு என்கிட்ட பேசிட்டு இருக்க மாட்டீங்க."

பாய் அந்தத் தகட்டில் உள்ளங்கையை ரொம்ப நேரம் வைத்திருந்தார். வெளியே வந்ததும் கணக்குப்பிள்ளையைக் கூப்பிட்டு, நெல் கொடுத்த குடும்பங்களுக்கெல்லாம் அவருடைய சொந்த இருப்பிலிருந்து அரிசி கொடுத்தனுப்பச் சொன்னார். மாட்டுத் தீவனத்துக்காவது ஆகட்டும் என்று, புளித்த நெல்லைக் களத்தில் கொட்டிக் காயவைக்கச் சொன்னார்.

செல்வம் கடைசியாக வெளியே வந்தான். முகமெல்லாம் கரி. யாரையும் பார்க்காமல் நேராகக் களத்துப் பக்கம் நடந்தான். அவன் போகிற போக்கு சரியில்லை என்று நானும் பின்னாலேயே போனேன். ஷெட்டின் மேற்குச் சுவர் நிழலில் வழக்கம் போலத் தூக்குவாளிகள் வரிசையாக இருந்தன. பெண்கள் முக்காட்டை மூக்கோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, நாறுகிற நெல்லைக் காலால் தள்ளிக் கொண்டிருந்தார்கள். எங்களைக் கண்டதும் சரோஜா அக்கா இடுப்பில் கை வைத்தார்.

"வாங்கய்யா, பயந்தாங்கொள்ளி மவராசனுங்களா! பாய்லரப் பாக்கத் தெரியாம நெல்லையும் நாறடிச்சு, அதை எங்க காலாலயே மிதிக்கவும் விட்டுட்டீங்க. என் தூக்குவாளி நெளிஞ்சு போச்சு, கொட்டின சோத்தை ஆடு தின்னுட்டுப் போச்சு. பட்டினியா நடுரோட்டுல நிக்க வச்சீங்களே, அப்படி என்னத்த வெடிச்சுது? ஒரு ஓலவெடி அளவுக்காவது வெடிச்சுதா?"

பெண்கள் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. அந்தத் தகட்டை இழுத்துக்கொண்டு வந்து அவர் முன்னால் போட்டு, பாருங்க என்று காட்ட வேண்டும் போல இருந்தது. வாயைத் திறந்தும்விட்டேன். செல்வம் என் கையைத் தொட்டு நிறுத்தினான்.

அவன் அந்தப் பெண்களை ஒவ்வொருத்தராகப் பார்த்துக்கொண்டிருந்தான். சுவரைப் பார்த்தான், தூக்குவாளிகளைப் பார்த்தான், திரும்பவும் அவர்களைப் பார்த்தான். கரி படிந்த முகத்தில் கண்ணீர் இரண்டு கோடு போட்டு இறங்கியது.

"ஏண்டா அழுவுற? உன்னை ஒண்ணும் சொல்லலியே" என்று சரோஜா அக்காவின் குரல் தணிந்தது.

"இல்லக்கா" என்றான் செல்வம். "நிறுத்தாதீங்க. இன்னும் கொஞ்சம் திட்டுங்க."